ஐந்து சென்ட்டில் ஒரு நெல் ரகம்: பாரம்பரிய விதையைக் காப்பாற்ற முழுமையான வழிகாட்டி

விதைநெல் கேட்டு வருகிறவர்கள் முதலில் கேட்பது, "எத்தனை ரகம் வச்சிருக்கீங்க?" என்றுதான். "ஆறு" என்று சொன்னதும் முகம் வாடிப்போகும். ஐம்பது, நூறு என்று எதிர்பார்த்து வந்திருப்பார்கள். ஒரு காலத்தில் என்னிடமும் 23 டப்பா இருந்தது. அதில் பாதிக்கு மேல் என்ன ரகம் என்று எனக்கே சந்தேகம். இப்போது இருக்கிற ஆறும் எந்த வயலில் விளைந்தது, எப்போது கதிர் விட்டது, கடைசியாகப் போட்ட முளைப்பு எவ்வளவு என்று நோட்டைப் பார்த்துச் சொல்லிவிடுவேன். விதையைச் சேர்ப்பது ஒரு வேலை, காப்பாற்றுவது வேறு வேலை. இந்த வழிகாட்டி இரண்டாவது வேலையைப் பற்றியது. ஐந்து சென்ட் நிலமும் கொஞ்சம் பிடிவாதமும் இருந்தால் போதும். டெல்டா நெல்லை வைத்தே சொல்கிறேன், எனக்குத் தெரிந்தது அதுதான்.

"இந்தப் பழைய நெல்லால் யாருக்கு என்ன லாபம்?" என்று கேட்பவர்களுக்குச் சொல்ல என்னிடம் இரண்டு கதை உண்டு. 1970-களில் ஆசியாவின் புதிய குட்டை ரகங்களை 'புல் குட்டை' வைரஸ் தாக்கியது. பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட மாதிரிகளைச் சோதித்தது. நோயைத் தாங்கியது உத்தரப் பிரதேசத்தில் எடுத்த ஒரே ஒரு காட்டு நெல் மாதிரி. அதன் எதிர்ப்புத் திறன் 1976-ல் வந்த ஐ.ஆர்.36-க்குள் போனது. இன்னொன்று ஒடிசாவின் பழைய நெல்லில் இருந்து பிரித்தெடுத்த எஃப்.ஆர்.13ஏ. இரண்டு வாரம் வரை தண்ணீருக்குள் மூழ்கிக் கிடந்தாலும் பிழைக்கும். அந்தக் குணத்தை ஏற்றி 2009-ல் வெளியானதுதான் சுவர்ணா சப்1. ஆக, ஆராய்ச்சி நிலையத்துக்கே மூலதனம் காட்டில் தப்பிக் கிடந்த நெல்லும், யாரோ ஒரு உழவர் விடாமல் போட்டுவந்த நெல்லும்தான்.

1. பெயரைப் பார்க்காதீர்கள், வயலைப் பாருங்கள்

பலர் "கறுப்புக் கவுனி போடணும்" என்று முடிவு செய்துவிட்டுத்தான் வயலுக்கே வருகிறார்கள். வயல் என்ன கேட்கிறது என்று பார்ப்பதில்லை.

கடலோர உப்பு மண்ணா? குழியடிச்சான், களர்பாலை, வேதாரண்யம் பக்கத்துச் சிவப்புக் குடவாழை. கார்த்திகை மழையில் தண்ணீர் தேங்கும் பள்ளக்காலா? மடுமுழுங்கி. காட்டுயானமும் உயரத்தால் தப்பிக்கும். யானை புகுந்தால்கூடத் தெரியாது என்பார்கள். கொஞ்சம் கூட்டித்தான் சொல்கிறார்கள், ஆனாலும் ஆள் நின்றால் தலை தெரியாது. தண்ணீர் குறைவு, சீக்கிரம் அறுக்க வேண்டும் என்றால் பூங்கார், அறுபதாம் குறுவை. சாப்பாட்டுக்கும் விற்பனைக்கும் சேர்த்து என்றால் தூயமல்லி, கிச்சிலிச் சம்பா, சீரகச் சம்பா.

அப்புறம் பட்டம், அதாவது விதைக்கிற பருவம். தூயமல்லி சுமார் 135 நாள், மாப்பிள்ளைச் சம்பா 160, காட்டுயானம் 180. பழைய நீண்டகாலச் சம்பா ரகங்களில் பல, பகல் பொழுது குறைந்தால்தான் கதிர் விடும். இது தெரியாமல் நான் ஒரு வருடம் அப்படி ஒரு ரகத்தைத் தைப்பட்டத்தில் போட்டேன். பச்சைப் பசேல் என்று இடுப்புக்கு வளர்ந்து நின்றது. சித்திரை போய், வைகாசி போய், ஆனி வந்தும் கதிரைக் காணோம். மாட்டுக்கு நல்ல தீவனம் கிடைத்தது, அவ்வளவுதான். ஆடி, ஆவணியில் விதைக்க வேண்டியதை அப்போதுதான் விதைக்க வேண்டும்.

முதல் வருடம் ஒரே ஒரு ரகம் போதும். இரண்டு போட ஆசை வரும், போடாதீர்கள்.

2. விதை வாங்கும்போது கேட்க வேண்டியவை

ஐந்து சென்ட்டுக்கு எவ்வளவு விதை வேண்டும்? ஒற்றை நாற்றாக 25 சென்டிமீட்டர் இடைவெளியில் நட்டால் 3,200 குத்துதான் வரும். நூறு கிராம் விதையிலேயே அதற்கு மேல் நாற்று கிடைத்துவிடும். கெட்டுப்போவதற்கும் சேர்த்துக் கால் கிலோ வாங்குங்கள்.

கண்காட்சியில் அழகான பொட்டலத்தில் கிடைப்பதைவிட, அந்த நெல்லைத் தொடர்ந்து விதைத்துச் சாப்பிடுகிறவர் வீட்டில் வாங்குவது மேல். எந்த மாதம் விதைத்தார், எந்த மாதம் அறுத்தார், கையில் அறுத்தாரா மெஷினிலா, பக்கத்து வயலில் என்ன நெல் நின்றது, சோறு எப்படி இருக்கும் என்று கேளுங்கள். குழியடிச்சான் கேட்டு ஒரு பெரியம்மாவிடம் போயிருந்தேன். நெல்லை எடுக்கும் முன் அவர் என்னைத்தான் விசாரித்தார்: "உன் வயல் எந்தப் பக்கம் தம்பி? வடிகால் இருக்கா? சும்மா கொண்டுபோய்ப் பானையில போட்டு வைக்கவா கேக்குற?" அப்படிக் கேட்கிறவரிடம் நம்பி வாங்கலாம்.

கையில் கொட்டிப் பாருங்கள். நிறம், நீளம், மீசை (நெல் நுனியில் நீளும் முடி) மூன்றிலும் நெல் ஒன்றுபோல இருக்கிறதா? பத்து நெல்லை உரித்து அரிசியின் நிறத்தையும் பாருங்கள். சிவப்பரிசி ரகத்தில் வெள்ளை அரிசி கண்ணில் பட்டால் கலந்த விதை.

3. நாற்றங்காலும் நடவும்

உப்புக் கரைசல் சோதனை எல்லோருக்கும் தெரிந்ததுதான். வாளித் தண்ணீரில் முட்டையைப் போட்டு, அது மிதந்து மேலே ஒரு ரூபாய் நாணய அளவு தெரியும்வரை உப்பைக் கரைத்து, முட்டையை எடுத்துவிட்டு விதையைக் கொட்டுங்கள். மிதப்பதை அள்ளிவிட்டு, அடியில் தங்கியதை நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை கழுவுங்கள். மீசை உள்ள நெல்லில் நல்ல விதையும் காற்றைப் பிடித்துக்கொண்டு மிதக்கும். முதலிலேயே சாக்கில் தேய்த்து மீசையை உதிர்த்துவிட்டால் பிரச்சினை இல்லை.

நடவு வயலில் போன வருடம் உதிர்ந்த நெல் மண்ணுக்குள் கிடக்கும். ஒருமுறை தண்ணீர் கட்டி, அதை முளைக்கவிட்டு, உழுது மடக்குங்கள். முடிந்தால் இரண்டு முறை. இந்த ஒரு வேலையைச் சோம்பலில் விட்டால் பின்னால் வருகிற எல்லாக் கவனமும் வீண்.

நடவைக் கயிறு பிடித்து வரிசையாகச் செய்யுங்கள். களை எடுக்க வசதி என்பதெல்லாம் இரண்டாவது காரணம்தான். வரிசைக்கு வெளியே முளைத்து நிற்கும் எதுவும் நீங்கள் நடாதது, கண்ணை மூடிக்கொண்டு பிடுங்கலாம். முதல் காரணம் இதுதான்.

நெல் தன் பூவிலேயே மகரந்தம் சேர்ந்துவிடும் பயிர். அயல் மகரந்தம் நூற்றில் ஒன்றுகூட இருக்காது, அதனால் அடுத்த ரகத்துக்கும் இதற்கும் 3 மீட்டர் இடைவெளி போதும். இரண்டும் ஒரே வாரத்தில் பூக்காமல் பார்த்துக்கொண்டால் இன்னும் நிம்மதி.

தழைச்சத்தை அள்ளிக் கொடுக்காதீர்கள், உயர ரகங்கள் சாய்ந்துவிடும். சாய்ந்த கதிர் ஈரத்திலேயே முளைக்கும், விதைக்கு உதவாது.

4. நோட்டும் கலவனும்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள்.

ரகத்துக்கு ஒரு பக்கம் ஒதுக்கி, நாற்று விட்ட தேதியில் இருந்து எழுதத் தொடங்குங்கள். தூர் கட்டும்போது அடித்தண்டின் நிறம் பச்சையா, ஊதாவா? இலை அகலமா, ஒடுங்கலா? பாதிப் பயிர் கதிர் விட்ட நாள் எது? நெல்லுக்கு மீசை உண்டா, என்ன நிறம்? உயரம் எவ்வளவு? பூச்சி, மழை, சாய்வு எப்படி? முதல் வருடம் எழுதும்போது வெட்டி வேலை போல இருக்கும். மூன்றாம் வருடம் "இது அதுதானா?" என்ற சந்தேகம் வரும்போது அந்தப் பக்கம் ஒன்றுதான் சாட்சி.

கலவன் (ரகத்தோடு கலந்து நிற்கும் வேறு ரகச் செடி) பிடுங்க மூன்று முறை வயலுக்குள் இறங்க வேண்டும். பூக்கும் முன் ஒருமுறை: அடித்தண்டின் நிறமும் உயரமும் காட்டிக்கொடுக்கும். பூக்கும்போது ஒருமுறை: முந்தியும் பிந்தியும் கதிர் விடுவதைப் பிடுங்கலாம். அறுவடைக்கு ஒரு வாரம் முன் கடைசியாக: நெல்லின் நிறமும் மீசையும். காலை வெயில் ஏறும் முன் சூரியனை முதுகுக்குப் பின்னால் வைத்து நடந்தால் வித்தியாசம் நன்றாகத் தெரியும். கதிரை மட்டும் கிள்ளாதீர்கள், தூரோடு பிடுங்குங்கள். கிள்ளினால் பக்கத் தூரில் மறுபடி கதிர் வரும்.

ஒரு எச்சரிக்கை. கலவன் என்பது வேறு ரகம். ஒரே ரகத்துக்குள் செடிக்குச் செடி கொஞ்சம் ஏறி இறங்கி இருப்பது பாரம்பரிய நெல்லின் இயல்பு. கம்பெனி விதை மாதிரி எல்லாம் ஒரே உயரத்தில் நிற்க வேண்டும் என்று சீவித் தள்ளினால், வறட்சியில் ஒன்றும் வெள்ளத்தில் ஒன்றுமாகக் கைகொடுக்கிற அந்தப் பன்மைதான் போய்விடும். அதனால் விதைக்குக் கதிர் எடுக்கும்போதும் கொழுத்த பத்துக் கதிரோடு நிறுத்தாதீர்கள். வயல் முழுக்க நடந்து, நோயில்லாத முந்நூறு செடிகளில் இருந்தாவது ஒவ்வொரு கதிர் எடுங்கள். விதைக்கட்டு என்றால் அதுதான். மீதி வயல் பிறருக்குக் கொடுக்கும் விதைக்கும் சோற்றுக்கும்.

5. அறுவடை: விதை கெடுவது பெரும்பாலும் இங்கேதான்

கதிரில் நூற்றுக்கு எண்பது, எண்பத்தைந்து நெல் பழுத்ததும் அறுக்கலாம். வயலைச் சுற்றி ஒரு மீட்டர் ஓரத்தை விட்டுவிட்டு நடுவில் இருப்பதை மட்டும் விதைக்கு எடுங்கள்.

மெஷினை உள்ளே விடாதீர்கள். என் 23 டப்பாவில் பாதி குழம்பிப்போனது மெஷினால்தான். ஆள் கிடைக்காத ஒரு தை மாதம், பக்கத்து வயலில் அறுத்துக்கொண்டிருந்த மெஷினை அப்படியே என் வயலுக்கும் திருப்பினேன். அதன் வயிற்றுக்குள் அந்த வயலின் நெல் கிலோக்கணக்கில் தங்கியிருந்தது எனக்குத் தெரியாது. மறு வருடம் சிவப்பு நெல்லுக்கு நடுவே வெள்ளை நெல் திட்டுத் திட்டாக நின்றபோதுதான் புரிந்தது. ஐந்து சென்ட்டைக் கையால் அறுக்க இரண்டு ஆளுக்கு அரை நாள் வேலை.

களமும் அப்படித்தான். ஊர்ப் பொதுக்களத்தில் அடிக்காமல், சுத்தமான தார்ப்பாய் விரித்துக் கட்டையில் அடித்துக்கொள்ளுங்கள். சாக்கைத் திருப்பிப் போட்டு உதறுங்கள், தையல் ஓரத்தில் பழைய நெல் ஒட்டிக்கொண்டிருக்கும். பெயர்ச் சீட்டை ஒன்று வெளியே கட்டி, இன்னொன்று உள்ளேயும் போடுங்கள். வெளிச் சீட்டை எலி தின்றுவிடும்.

6. காயவைத்தலும் சேமிப்பும்

காலை எட்டில் இருந்து பன்னிரண்டு, பிறகு மூன்றில் இருந்து ஐந்து. உச்சி வெயிலில் சிமெண்டுத் தரையில் காயவைத்தால் முளை செத்துப்போகும். விதைநெல்லுக்கு ஈரம் 13 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். மீட்டர் இல்லாவிட்டால் பல்லில் கடித்துப் பாருங்கள்: டக்கென்று உடைந்தால் சரி, நசுங்கினால் இன்னும் ஒரு நாள். ஈரம் ஒவ்வொரு சதவீதம் குறையும்போதும் விதையின் ஆயுள் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது விதைக்காரர்களின் கணக்கு. அந்த ஒரு நாள் வெயிலுக்கு அவ்வளவு மதிப்பு.

பழைய ஆட்கள் விதைக்கோட்டை கட்டினார்கள். வைக்கோல் பிரியைச் சுற்றிக் கூடுபோல அமைத்து, உள்ளே நெல்லைக் கொட்டி, இறுக்கிக் கட்டி, மேலே சாணியும் மண்ணும் குழைத்துப் பூசுவார்கள். அடுத்த ஆடிவரை பூச்சி நுழையாது. கட்டத் தெரிந்தவர் ஊரில் இருந்தால் ஒரு நாள் கூட உட்கார்ந்து கற்றுக்கொள்ளுங்கள், எழுதிப் புரியவைக்க முடிகிற வேலை இல்லை. தெரியாதவர்களுக்கு மண்பானையோ தகர டின்னோ போதும். காய்ந்த நொச்சி இலையும் வேப்பிலையும் அடுக்கடுக்காகப் போட்டு வாயை இறுக மூடி, தரையில் படாமல் பலகைமேல் வையுங்கள். பச்சை இலையைப் போட்டுவிடாதீர்கள், ஈரம் ஏறும்.

விதையை மூன்றாகப் பிரியுங்கள். ஒரு பங்கு உங்கள் வீட்டில், ஒரு பங்கு தெருக்கோடி வீட்டில், ஒரு பங்கு வேறு ஊரில். 2018 நவம்பரில் கஜா புயல் வந்தபோது கூரை பறந்த வீடுகளில் விதையும் போனது. வெளியூரில் பங்கு வைத்திருந்தவர்கள் மறு வருடம் கேட்டு வாங்கி விதைத்தார்கள்.

7. முளைப்பு பார்த்தல்

நூறு நெல்லை எண்ணி, ஈரச் சாக்கில் வரிசையாக அடுக்கி, சுருட்டி நிழலில் வையுங்கள். தினமும் தண்ணீர் தெளித்து, ஏழாம் நாளுக்கு மேல் பிரித்து எண்ணுங்கள். 80-க்கு மேல் என்றால் நல்ல விதை. அறுத்த கையோடு சோதித்துவிட்டு "முளைக்கவில்லை" என்று பதறாதீர்கள். பல பாரம்பரிய நெல்லுக்கு ஒன்றிரண்டு மாத விதை உறக்கம் உண்டு.

அம்மன் கோயில் முளைப்பாரியே ஊர்கூடிச் செய்த முளைப்புச் சோதனைதான் என்று சிலர் சொல்வதுண்டு. அதற்காகத்தான் தொடங்கினார்களா என்று நான் வாதாட மாட்டேன். ஆனால் யார் வீட்டு விதைக்கு உயிர் இருக்கிறது என்று ஊருக்கே தெரிந்துவிடும் என்பது உண்மை.

8. பத்துப் பேர் சேர்ந்தால் விதை வங்கி

திருத்துறைப்பூண்டி பக்கம் கட்டிமேட்டைச் சேர்ந்த நெல் ஜெயராமன், இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வாரின் தூண்டுதலில் இந்த வேலையில் இறங்கியவர். ஆதிரெங்கத்தில் 2006 முதல் நெல் திருவிழா நடத்தினார். 2018 டிசம்பரில் அவர் மறையும்போது மீட்ட ரகங்கள் 170-ஐத் தாண்டியிருந்தன. அவர் வைத்த கணக்கு எளிமையானது: இரண்டு கிலோ வாங்கிப் போ, அடுத்த வருடம் நான்கு கிலோவாகக் கொண்டுவா. காசு கிடையாது.

அந்தக் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். ஆனால் என் அனுபவத்தில் வங்கிக்கு ஆபத்து, திரும்பி வராத விதையைவிடத் திரும்பி வருகிற விதையில்தான் அதிகம். கலந்த நெல் நான்கு கிலோ உள்ளே வந்து நல்ல நெல்லோடு சேர்ந்தால் ரகமே போச்சு. அதனால் எங்கள் குழுவில் ஒரு விதி: விதை வாங்கியவர் வயல் பூக்கும்போது இரண்டு பேர் போய்ப் பார்த்துவிட்டு வர வேண்டும். சுத்தமாக இல்லாவிட்டால் அந்த நெல்லை அவர் சாப்பிட்டுக்கொள்ளலாம், வங்கிக்கு வேண்டாம், மனத்தாங்கலும் வேண்டாம். வெள்ளத்தில் போனவரிடம் கடனைக் கேட்பதில்லை, மறுபடி விதை கொடுப்போம். வந்த விதையைப் பழையதோடு கொட்டுவதும் இல்லை. ஆள் பெயரும் வருடமும் எழுதித் தனிப் பையில் வைப்போம்.

ஒவ்வொரு ரகத்துக்கும் பொறுப்பாளி ஒருவர் இருக்கட்டும். "குழு பார்த்துக்கொள்ளும்" என்றால் யாரும் பார்க்கப்போவதில்லை.

9. சோறாகாத நெல் நிலைக்காது

விளைச்சல் புதிய ரகத்தைவிடக் குறைவு. நேரடிக் கொள்முதல் நிலையத்தில் கொட்டினால் தனி விலை கிடையாது. ஆகவே அரிசியாக, அவலாக, இட்லி மாவாக மாற்றி விற்றால்தான் கட்டுப்படியாகும். அங்கே வழியை மறிப்பது மில். பெரிய மில்லில் மூட்டைக்கணக்கில் கொடுத்தால்தான் ஓட்டுவார்கள், முன்னால் ஓடிய அரிசியும் கலக்கும், சிவப்பரிசியைத் தீட்டி வெள்ளையாக்கியும் தருவார்கள். தவிடு போகாமல் உமியை மட்டும் நீக்கும் ரப்பர் உருளை மெஷினைக் குழுவாகச் சேர்ந்து வாங்குவது நல்ல முதலீடு.

கொல்லிமலையில் சாமை, தினை, கேழ்வரகு குறைந்துபோன கதையும் இதுதான். மரவள்ளிக்குக் காசு கிடைத்தது ஒரு பக்கம். சாமையை உரலில் குத்திச் சலித்த பெண்களின் கைவலி இன்னொரு பக்கம். எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்கே விதை வங்கியோடு நிற்காமல், ஊருக்குள் அரவை மெஷினையும் பெண்கள் குழுக்களின் மதிப்புக்கூட்டிய பொருள்களையும் சேர்த்தே கொண்டுபோனது. விதையை மட்டும் கொடுத்திருந்தால் யார் குத்துவது?

முதல் வாடிக்கையாளர் உங்கள் வீடுதான். ஒரு பண்டிகைக்காவது அந்த அரிசியில் பொங்கல் வைத்து, அக்கம்பக்கத்துக்கும் கொடுங்கள். எங்கள் தெருவில் கிச்சிலிச் சம்பா விற்றது விளம்பரத்தால் அல்ல, ஒரு வளைகாப்புச் சோற்றால்.

10. காகித வேலை

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2001-ம் ஆண்டின் பயிர் ரகப் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டம், விதையைச் சேமிக்க, விதைக்க, பரிமாற, விற்க உழவருக்கு உரிமை தருகிறது. பதிவு பெற்ற ரகத்தை பிராண்டு முத்திரை குத்தி விற்க மட்டும் கூடாது. உழவர் ரகத்தை அதே சட்டத்தில் கட்டணம் இல்லாமல் பதிவு செய்யலாம். வேளாண் அறிவியல் நிலையத்தில் கேட்டால் படிவத்துக்கு வழி சொல்வார்கள். ஊராட்சியின் மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டிலும் உங்கள் ஊர் ரகங்களை ஏற்றச் சொல்லுங்கள். மாநில அரசும் நெல் ஜெயராமன் பெயரில் மரபு நெல் பாதுகாப்பு இயக்கம் நடத்துகிறது, வேளாண் விரிவாக்க மையத்தில் விசாரிக்கலாம்.

காய்கறிக்கு இந்தக் கணக்கு ஆகாது

நெல்லுக்குச் சொன்ன 3 மீட்டரைக் கத்தரிக்கு வைத்துவிடாதீர்கள். பூச்சியால் கலக்கும் பயிர், 200 மீட்டராவது தள்ளி வேண்டும். இடமில்லாவிட்டால் மலராத மொட்டை மெல்லிய துணிப்பையால் மூடி, காய் பிடித்ததும் பையை எடுத்து நூல் கட்டி அடையாளம் வையுங்கள். பூசணி, சுரைக்கு முந்தின நாளே ஆண் மொட்டையும் பெண் மொட்டையும் நூலால் கட்டிவைத்து, பூ விரியும் நேரத்தில் கையால் மகரந்தம் தடவி, பெண் பூவை மறுபடி கட்டிவிட வேண்டும். பூசணி காலையில் விரியும், சுரை சாயங்காலம். 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய வேலூர் இலவம்பாடி முள்கத்தரியும் விதைக்காய் எடுத்துவைத்தவர்களால்தான் அதுவரை தாக்குப்பிடித்தது.

பரணில் பழைய விதை கிடைத்தால்

யாராவது வீட்டை இடிக்கும்போது "தாத்தா வச்சிருந்த நெல்லு" என்று ஒரு டப்பாவோடு வருவார்கள். எடுத்த எடுப்பில் வயலில் தூவாதீர்கள். பாதியைத் தனியே வைத்துவிட்டு, மீதியை ஓர் இரவு ஊறவைத்து, ஈரத் துணியில் இரண்டு வாரம்வரை விட்டுவையுங்கள். கிழட்டு விதை மெதுவாகத்தான் கண் திறக்கும். முளைத்ததை ஒவ்வொன்றாக எடுத்து, மண் நிரப்பிய தட்டில் ஊன்றி, குருவியும் எலியும் அண்டாமல் வலை போட்டு வளர்க்க வேண்டும். எனக்கு அப்படி வந்த ஒரு டப்பாவில் அறுபது நெல் போட்டு நான்கு முளைத்தது. நாற்றுக்கு இரண்டு ஜான் இடம் விட்டு நட்டேன். ஒன்றை நண்டு வெட்டிவிட்டது. மற்ற மூன்றும் கதிர் விட்டு ஒரு டம்ளர் நெல் தந்தன. என்ன ரகம் என்று இன்னும் யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. நோட்டில் இப்போதைக்கு 'பரண் நெல்' என்று எழுதி, அடித்தண்டு ஊதா, மீசை இல்லை என்று குறித்து வைத்திருக்கிறேன்.